தோட்டத்து வாசலுக்கு மரக் கேட்: எந்த மரம், எந்தக் கால்?

கிழக்குச்சித்தூரான்

வணக்கம். எங்கள் தோட்டம் கேரளத்துப் பாலக்காடு மாவட்டத்தில், கொழிஞ்சாம்பாறைக்குக் கிழக்கே, தமிழ்நாட்டு எல்லைக்கு ரொம்பப் பக்கம். தென்னை, கொஞ்சம் நெல், ஓரத்தில் பத்துப் பதினைந்து பனை. வாசலில் இருந்த தகரக் கேட் போன ஆடிக்காற்றில் கீலோடு பிய்ந்து வாய்க்காலில் போய்க் கிடந்தது. இந்தத் தடவை மரத்தில் போடலாம் என்று இருக்கிறேன். பளபளவென்று வேண்டாம், ரம்பம் போட்ட தழும்பு தெரிந்தாலும் பரவாயில்லை, பழைய களத்து வாசல் மாதிரி இருந்தால் போதும்.

வாசல் அகலம் 12 அடி. தேங்காய் லாரி உள்ளே வர வேண்டும். கையில் இருப்பது இரண்டு பழைய தென்னை, சாய்ந்து விழுந்த ஒரு வாகை, அப்புறம் இடித்த ஓட்டு வீட்டுப் பனங்கை ஒரு இருபது. ஆசாரி தேக்கு வாங்கச் சொல்கிறார், மச்சான் இரும்பே போடு என்கிறார், வீட்டில் எதற்கு இந்த வேலை என்கிறார்கள். ஒரே கதவாகப் போடுவதா, இரட்டையா? காலும் மரத்திலேயே நடலாமா? கரையான் இங்கே பயங்கரம்.

பொள்ளாச்சி மரவேலை

எந்த மரம் என்பது இரண்டாவது கேள்விங்க. முதல் கேள்வி கால். நான் பார்த்தவரை மரக் கேட் கெடுவது பெரும்பாலும் மரத்தால் அல்ல, கால் சாய்ந்து, கதவு தரை தட்டி, ஆள் தூக்கித் தூக்கித் திறந்து, பொருத்து விட்டுப் போய்த்தான். மரக்கால் நட்டால் மண்மட்டத்தில் ஒரு சாண் உயரத்துக்குத்தான் முதலில் உளுக்கும், ஏனென்றால் ஈரமும் காற்றும் சேர்ந்து கிடைப்பது அங்கேதான், கரையானும் அந்த வழியாகவே ஏறும். சுற்றிக் கான்கிரீட் போட்டால் நல்லது என்று நினைக்கிறார்கள், உண்மையில் அது கிண்ணம் மாதிரி தண்ணீரைப் பிடித்து வைத்து இன்னும் சீக்கிரம் அழுக வைக்கும். உங்கள் பக்கம் கல்லுக்கால் கிடைக்கும்போது மரத்தை மண்ணில் நட வேண்டிய அவசியமே இல்லை. ஆனால் வேலிக்கு நடும் ஒல்லிக் கல் பத்தாது. 9 அங்குலச் சதுரம், 9 அடி நீளம், அதில் 4 அடி மண்ணுக்குள். ஒரு கல் 380 கிலோ வரும், ஜேசிபி இல்லாமல் தொடாதீர்கள்.

அடுத்து, இரட்டைக் கதவுதான். கணக்கு சொல்கிறேன். 12 அடி ஒற்றைக் கதவு 80 கிலோ என்று வைத்துக்கொள்ளுங்கள், அதன் பாரம் நடுவில், அதாவது காலிலிருந்து 6 அடி தள்ளி இருக்கிறது. இரண்டு கீலுக்கும் இடையே 3 அடி என்றால் மேல்கீலைப் பிடுங்கி இழுக்கும் விசை 80 பெருக்கல் 6 வகுத்தல் 3, ஆக 160 கிலோ, அதுவும் ராத்திரி பகல் நிற்காமல். அதையே இரண்டாகப் பிரித்தால் ஒவ்வொன்றும் 40 கிலோ, பாரம் 3 அடி தள்ளி, இழுப்பு வெறும் 40. பாதியாக வெட்டினால் இழுப்பு கால்வாசி ஆகிறது. கீல்களைத் தள்ளித் தள்ளி வைத்தால் இன்னும் குறையும்.

கட்டும் விதம்: ஒவ்வொரு கதவுக்கும் 4க்கு 3 அங்குலத்தில் நெட்டுச்சட்டம் இரண்டு, 4க்கு ஒன்றரையில் குறுக்குச்சட்டம் ஐந்து, ஒரு சாய்வுச்சட்டம். மொத்தம் இரண்டேகால் கன அடிதான் வரும், காய்ந்த மரமாக இருந்தால் 45 கிலோவுக்குள் அடங்கும். குறுக்குச்சட்டத்தை ஆணி அடித்து ஒட்ட வைக்காமல் துளை வெட்டி, கழுந்து (துளைக்குள் நுழையும்படி செதுக்கிய சட்டத்தின் முனை) இறக்கி, மர முளை அடிக்கச் சொல்லுங்கள். சாய்வுச்சட்டம் கீல் பக்கத்துக் கீழ் மூலையில் தொடங்கி எதிர்ப்பக்கத்து மேல் மூலைக்குப் போக வேண்டும். மரம் அமுக்கத்தைத் தாங்கும், அதனால் அது கீழேயிருந்து முட்டுக் கொடுக்கிறது. திருப்பிப் போட்ட கேட்டுகள் எங்கள் ரோட்டிலேயே வரிசையாக நிற்கின்றன, எல்லாம் மூக்கு தரையில். இரும்புக் கம்பியோ டர்ன்பக்கிளோ (கம்பியை இறுக்கும் திருகு) போடுவதாக இருந்தால் மட்டும் நேர் எதிர், மேல்கீலிலிருந்து கீழ் வெளிமூலைக்கு. கம்பி இழுக்கத்தான் செய்யும், முட்டுக் கொடுக்காது.

கொல்லங்கோட்டுக்காரன்

மரத்தைப் பற்றி நான் சொல்கிறேன். உங்களிடம் இருக்கும் வாகை நாட்டு வாகையா, தூங்குமூஞ்சியா என்று முதலில் பாருங்கள், இரண்டையும் வாகை என்றே விற்கிறார்கள். நாட்டு வாகையின் வைரம் (உள்மரம்) கறுத்த பழுப்பு, கனமானது, வெயில் மழை தாங்கும். தூங்குமூஞ்சி லேசு, வெளிவேலைக்கு நம்ப முடியாது. எதுவாக இருந்தாலும் வெள்ளையை (வைரத்தைச் சுற்றியுள்ள வெளிமரம்) முழுக்கச் செதுக்கித் தள்ளுங்கள், வண்டு விழுவது அதில்தான். பச்சை மரத்தில் பொருத்துப் போட்டால் காயும்போது சுருங்கிக் கழுந்து ஆடும். ரம்பத்தில் அறுத்து, இடையிடையே ரீப்பர் வைத்து அடுக்கி, நிழலில் காற்றோட்டமாகக் காய விடுங்கள். 1 அங்குலக் கனத்துக்கு ஒரு வருடம் என்பது பழைய கணக்கு, நம் வெயிலுக்கு அவ்வளவு ஆகாது, அதற்காக ஒரு மாதத்தில் காய்ந்துவிடும் என்றும் நினைக்க வேண்டாம்.

பனங்கைதான் உங்கள் கையில் இருக்கும் நல்ல சரக்கு. பல காலம் ஓட்டுக்கடியில் காய்ந்தது, இனிச் சுருங்காது. குறுக்குச்சட்டத்துக்கு அதையே போடலாம். ஆனால் ஆணி அடித்தால் நார்வாக்கில் பிளக்கும், துளை போட்டு போல்ட் கொடுக்க வேண்டும், டிரில் பிட் அடிக்கடி மழுங்கும், சிராய் கையில் ஏறினால் எடுப்பது பெரும்பாடு. வெட்டுமுனைகள் வழியாகத்தான் தண்ணீர் குடிக்கும், அங்கே மட்டும் தார் வைத்து அடைத்துவிடுங்கள். புதிதாகப் பனை வெட்டும் எண்ணம் இருந்தால், தோட்டம் தமிழ்நாட்டுப் பக்கம் நீள்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள். பனை வெட்டக் கலெக்டர் அனுமதி வேண்டும் என்று 2021 வேளாண் பட்ஜெட்டிலேயே அங்கே அறிவித்துவிட்டார்கள்.

தென்னையில் அடிமரத்தின் வெளிச்சுற்று மட்டும்தான் மரம், உள்ளே இருப்பது சோறு. வயதான மரமாக இருந்தால் சட்டத்துக்கு ஆகும், மண் தொடக் கூடாது. விலைக்கு வாங்குவதாக இருந்தால் தேக்கு வேண்டாம், அயினி கேளுங்கள், மலையாளத்தில் ஆஞ்சிலி. கேரளத்தில் படகு கட்டும் மரம் அது, தண்ணீர் அதற்குப் புதிதல்ல. மலிவாகக் கிடைக்கிறதே என்று ரப்பர் மரம் மட்டும் வாங்கிவிடாதீர்கள், மருந்து ஏற்றிய ரப்பர் மரம்கூட வீட்டுக்குள் மேசை நாற்காலிக்குத்தான். அந்த போராக்ஸ் மருந்து மழையில் கரைந்து போய்விடும்.

எல்லை தாண்டி மரம் கொண்டு வருவதாக இருந்தால் வனத்துறைச் சீட்டு என்ன வேண்டும் என்று முன்கூட்டியே ரேஞ்ச் ஆபீசில் கேட்டுக்கொள்ளுங்கள். வண்டியில் ஏற்றிய பிறகு கேட்பது வீண் அலைச்சல்.

வெல்டர்_உடுமலை

ஒன்றரை அங்குல ஜிஐ (துத்தநாகம் பூசிய இரும்பு) டியூபில் சட்டம் அடித்து, மேலே மரப்பலகை போல்ட் பண்ணி விடுங்கள். பார்க்க மரம், வேலைக்கு இரும்பு. சாய்வு, கழுந்து, ஆசாரி ஒன்றும் வேண்டாம்.

பொள்ளாச்சி மரவேலை

வேலை சுலபம்தான், மறுக்கவில்லை. ஆனால் மரமும் டியூபும் ஒட்டும் இடத்தில் ஈரம் உட்காரும், டியூப் உள்ளிருந்து துரு பிடிக்கும், வெளியே தெரியாது. அப்படிச் செய்வதானால் இடையில் வாஷர் வைத்துக் கொஞ்சம் இடைவெளி விடுங்கள், டியூபின் அடியில் தண்ணீர் வடிய ஓட்டை போடுங்கள். முக்கியமாகப் பலகையை நெருக்கி அடிக்காதீர்கள். அவர் இருப்பது பாலக்காட்டுக் கணவாயின் வாயில். 12 அடி அகலம் 5 அடி உயரத்துக்கு முழுப்பலகை போட்டால் மணிக்கு 60 கி.மீ. காற்றுக்கே சுமார் 100 கிலோ தள்ளும். தகரக் கேட் வாய்க்காலுக்குப் போனது அதனால்தான். பாதிக்குப் பாதி இடைவெளி விட்டால் காற்று தன் வழியே போகும்.

கிழக்குச்சித்தூரான்

இவ்வளவு விவரம் கிடைக்கும் என்று நினைக்கவில்லை, நன்றி. வாகை நாட்டு வாகைதான், பார்த்துவிட்டேன். இரண்டு விஷயம் விட்டுப்போச்சு. எங்கள் மண் கரிசல். வேலிக்கல்லே வருடா வருடம் சாய்கிறது, பங்குனியில் கை நுழையும் அளவுக்கு வெடிக்கிறது. அப்புறம் காட்டுப்பன்றி. குறுக்குச்சட்டத்துக்கு நடுவே இடைவெளி விட்டால் உள்ளே வராதா?

சைட் இன்ஜினியர்

அண்ணா, கரிசல் என்பதை முதலிலேயே சொல்லியிருக்கலாம். கேரளத்தில் கரிசல் இருப்பது உங்கள் சித்தூர்த் தாலுகாவில்தான், அதனால் அந்தப் பக்கத்து மேஸ்திரிகள் பலருக்கு அந்த மண் பழக்கமில்லை, செம்மண்ணில் செய்வதையே இங்கும் செய்துவிட்டுப் போவார்கள். கரிசல் ஈரத்தில் உப்பும், வெயிலில் சுருங்கும். கல்லை ஒட்டி அந்த மண்ணையே திரும்ப நிரப்பினால் மழையில் நெருக்கித் தள்ளும், கோடையில் விலகி இடம் விடும், கல் கதவுப் பக்கம் சாய்ந்துகொண்டே வரும். குழியை 3 அடிச் சதுரமாகத் தோண்டி, தோண்டிய மண்ணை வெளியே கொட்டிவிட்டு, அடியில் சரளை போட்டுக் கல்லை நிறுத்தி, கல்லைச் சுற்றிக் கான்கிரீட், வெளிச்சுற்றுக்குக் கிராவல். கல்லுக்குக் கான்கிரீட் கெடுதல் செய்யாது, மேலே சொன்னது மரக்காலுக்குத்தான்.

இதைவிட முக்கியம், இரண்டு கல்லையும் தரைக்கடியில் ஒரு கான்கிரீட் பீமால் இணைத்துவிடுங்கள். 9க்கு 9 அங்குலம், 12 மி.மீ. கம்பி நான்கு. கதவின் பாரம் இரண்டு கல்லையும் உள்பக்கமாக, ஒன்றை நோக்கி ஒன்றாகத்தான் இழுக்கும், பீம் நடுவில் நின்று அதைத் தடுக்கும். பீமுக்கு அடியில் மண் உப்பித் தூக்காமல் இருக்க 4 அங்குலம் மணல் பரப்பிக்கொள்ளுங்கள். லாரிச் சக்கரம் ஏறும் இடம், அதனால் பீமின் மேல்மட்டம் தரைக்கு அரை அடி கீழேயே இருக்கட்டும். தாழ்ப்பாள் கம்பி இறங்க நடுவில் மட்டும் ஒரு ஜிஐ பைப் துண்டை நிறுத்திப் புதைத்துவிடலாம்.

கீல் முளையைக் கல்லில் பாதித்துளை போட்டுச் சிமெண்டில் செருகுவது வழக்கம். அதைச் செய்யாமல் கல்லுக்கு இந்தப் பக்கம் தொடங்கி அந்தப் பக்கம் வரை முழுத்துளை போட்டு 16 மி.மீ. கம்பி கோத்துப் பின்னால் நட்டு போடுங்கள். கல் தொய்ந்தாலும் நட்டைத் திருகிக் கதவை நேராக்கிக்கொள்ளலாம். மேல்முளையைத் தலைகீழாக வையுங்கள், இல்லையென்றால் ராத்திரியில் கதவையே தூக்கி எடுத்துக்கொண்டு போய்விடுவார்கள். அந்தப் பக்கம் நடக்காது என்று சொல்லாதீர்கள், மோட்டார் வயரையே விடுவதில்லை.

கொல்லங்கோட்டுக்காரன்

பன்றிக்கு: கீழ் மூன்று சட்டத்தையும் நெருக்கமாக, 4 அங்குல இடைவெளியில் வையுங்கள், மேலே போகப் போக அகலமாகட்டும். தரைக்கும் கதவுக்கும் 3 அங்குலத்துக்கு மேல் விடாதீர்கள். பன்றி தாண்டுவதைவிட மூக்கால் நெம்பி நுழைவதுதான் அதிகம், கீழே இடம் கொடுக்காவிட்டால் வேலியில் வேறு ஓட்டை தேடிப் போகும், அதனால் வேலியையும் ஒரு சுற்றுப் பார்த்துவிடுங்கள். முதலமடைப் பக்கம் மலையடிவாரத்தில் இருப்பவர்கள் யானைக்கு என்று பலமாகக் கேட் போட்டு வீணாகச் செலவு செய்கிறார்கள். யானைக்கு எதுவும் நிற்காது. உங்களுக்கு அந்தக் கவலை இல்லை.

பூச்சுக்கு முந்திரிக்கொட்டை ஓட்டு எண்ணெய் கொல்லத்தில் கிடைக்கும், படகுக்குப் பூசுவது. கரையானுக்கு அது பிடிக்காது. மண்ணெண்ணெயில் கொஞ்சம் இளக்கி இரண்டு கை பூசினால் கறுத்த பழுப்பில் நன்றாக இருக்கும், நீங்கள் கேட்ட களத்து வாசல் நிறம் அதுதான். கையுறை போடாமல் தொடாதீர்கள், தோல் கொப்பளித்துவிடும். பழைய இன்ஜின் ஆயில் சும்மா கிடைக்கிறதே என்று பூசுகிறவர்கள் உண்டு, மழையில் அது வழிந்து வாய்க்காலுக்குத்தான் போகும், உங்கள் வயலும் அங்கேதானே. ஆணி, போல்ட் எல்லாம் ஜிஐ வாங்குங்கள், வெறும் இரும்பு பட்டால் வாகையிலும் அயினியிலும் மழைக்குப் பிறகு கறுப்புக் கறையாக வடியும்.

கிழக்குச்சித்தூரான்

சரி. கல்லும் பீமும் இந்த மாதமே. வாகையை அறுக்க நாளை மில்லுக்கு அனுப்புகிறேன், குறுக்குச்சட்டம் முழுக்கப் பனங்கை. 12 அடியை 14 ஆக்கலாமா என்று லாரிக்காரர் கேட்கிறார், ரோடு குறுகலாம், திரும்ப முடியவில்லையாம்.

பொள்ளாச்சி மரவேலை

ஆக்குங்கள், கல் நடுவதற்கு முன்னால் என்றால் செலவு பீமில் 2 அடிதான். கதவை மட்டும் 8 அடி, 6 அடி என்று பிரித்துக்கொள்ளுங்கள். பைக்குக்கும் ஆளுக்கும் 6 அடிக் கதவு தினமும் திறக்கும், 8 அடி லாரி வரும்போது மட்டும். நடுவில் இறங்கும் தாழ்ப்பாள் 8 அடிக் கதவில் இருக்கட்டும், மூடியிருக்கும்போது கதவை ஆடாமல் அது பிடித்துக்கொள்ளும். பைப் துண்டைப் புதைக்கும் இடமும் அதற்கேற்ப ஒரு அடி தள்ளும், இன்ஜினியர் தம்பியிடம் சொல்லிவிடுங்கள். அப்புறம், கல் நட்டவுடன் ஆசாரியை அளவெடுக்க விடாதீர்கள், நல்ல மழை ஒன்று பெய்து கல் அமர்ந்த பிறகு எடுக்கட்டும். அதற்குள் வாகையும் கொஞ்சம் காய்ந்திருக்கும்.