பழைய கிட்டாருக்கு மாற்றுப் பிக்கப்: எதில் ஏமாந்தீர்கள், எதில் தேறினீர்கள்?

ஆறாம் கம்பி (சென்னை)

வேலை நிமித்தம் டோக்கியோவில் ஆறு மாதம் இருந்தபோது வாங்கிய கிட்டார் இது. ஓச்சனோமிசு என்ற பகுதியில் தெரு முழுக்கக் கிட்டார்க் கடைகள்தாம். அங்கே ஒரு மூன்றாம் மாடிக் கடையில் கிரேக்கோ என்ற ஜப்பானியப் பிராண்டின் இ.ஜி.500 மாடல் தொங்கிக்கொண்டிருந்தது. கிப்சன் நிறுவனத்தின் லெஸ் பால் கிட்டார் வடிவம். வரிசை எண்ணில் முதல் எழுத்து மாதம், அடுத்த இரண்டு இலக்கம் ஆண்டு. அதன்படி இது 1977 ஜூனில் பிறந்தது. 500 என்பது அன்றைய விலை 50,000 யென் என்பதைக் குறிக்கிறது. விலையையே பெயராக வைத்துவிட்டார்கள், பின்னாளில் யாரும் ஏமாற வேண்டாம் என்று நினைத்தார்களோ என்னவோ.

போன ஐப்பசி மழையில் ஒரு நாள் மாலை, வாசித்துக்கொண்டிருக்கும்போதே, கம்பி அதிர்வை மின் சைகையாக்கும் இரண்டு பிக்கப்புகளில் பிரிட்ஜ் பக்கம் இருக்கும் பிக்கப் செத்துவிட்டது. கழுத்துப் பக்கம் இருக்கும் நெக் பிக்கப் நன்றாகவே இருந்தது. பழுது பார்க்கும் கடை ஒன்றுக்குக் கொண்டுபோனேன். "காயில் போய்விட்டது, புதிதாகப் போட்டுவிடுங்கள்" என்றார்கள். நானும் தலையாட்டினேன். கழற்றும்போது ஈயத்தை உருக்கி எடுக்காமல், வெளியே வரும் கம்பியை அரை அங்குலம் விட்டு வெட்டிவிட்டார்கள். அதைப் பார்த்தபோது வயிற்றில் ஏதோ புரண்டது. ஆனாலும் வாய் திறக்கவில்லை.

அடுத்த தவறு முழுக்க என்னுடையது. மாற்றுப் பிக்கப் தேடும்போது ஒவ்வொன்றுக்கும் ஓர் ஓம் கணக்கு, அதாவது சுருளின் மின்தடை, போட்டிருந்தது. எண் பெரிதானால் சத்தம் பெரிது என்று நானே முடிவு கட்டிக்கொண்டு, 16 கிலோ ஓம் கொண்ட ஒன்றை வாங்கினேன். செராமிக் காந்தம். டிஸ்டார்ஷனில் வாசித்தால் சுவர் அதிர்ந்தது. டிஸ்டார்ஷனை அணைத்தால் சேறு. நெக் பிக்கப்புக்கு மாற்றினால் யாரோ ஆம்பிளிஃபயரைக் குறைத்துவிட்டது போல இருந்தது. இரண்டையும் சேர்த்து வைத்தால் தகர டப்பாவுக்குள்ளிருந்து வரும் மூக்கொலிதான் மிஞ்சியது. எனக்குப் பிடித்ததே இரண்டும் சேர்ந்து ஒலிக்கும் அந்த நடு நிலைதான்.

வேறொன்று வாங்குவதற்கு முன் உங்கள் கதைகளைக் கேட்க வேண்டும்.

ஈயக்கோல் (திருச்சி)

அந்த மூக்கொலிக்குக் காரணம் பிக்கப்பின் தரம் அல்ல. இரண்டும் எதிரெதிர்க் கட்டத்தில் இருக்கின்றன. ஒன்று தள்ளும்போது மற்றது இழுக்கிறது. கீழ்க்கட்டை ஒலியெல்லாம் ஒன்றையொன்று தின்றுவிட்டு, மேலே மிஞ்சும் கீச்சொலி மட்டும் வெளியே வருகிறது. வேறு வேறு தயாரிப்பாளர்களின் பிக்கப்புகளைச் சேர்த்தால் பாதிக்குப் பாதி இது நடக்கும்.

எனக்கும் நடந்தது. சோதிப்பது எளிது. மல்ட்டிமீட்டரை 20 கிலோ ஓம் அளவில் வையுங்கள். பிக்கப்பின் திருகு வரிசையில் ஓர் இரும்புத் திருப்புளியை ஒட்டவைத்து, வெடுக்கென்று இழுங்கள். அந்த நொடியில் எண் ஏறுகிறதா, இறங்குகிறதா என்று பாருங்கள். இரண்டு பிக்கப்பிலும் ஒரே பக்கம் போக வேண்டும். ஒன்று ஏறி மற்றொன்று இறங்கினால் அதுதான் வழக்கு.

உங்கள் புதிய பிக்கப்பிலிருந்து நான்கு கம்பிகளும் தனியாக ஒரு மறைப்புக் கம்பியும் வந்தால், சூடான முனையையும் தரை முனையையும் இடம் மாற்றினால் போதும். பழைய பாணியில் ஒற்றைக் கம்பியும் மேலே பின்னல் உறையும் இருந்தால் அப்படி மாற்றாதீர்கள். நான் மாற்றினேன். பிக்கப்பின் உலோக மூடியே சூடான முனையாகிவிட்டது, கை பட்டால் உறுமியது. அந்த வகைக்கு வேறு வழி உண்டு. அடித்தகட்டின் திருகுகளைத் தளர்த்தி, நடுவில் இருக்கும் காந்தப் பட்டையை நழுவவிட்டு எடுத்து, திருகுப் பக்கம் இருந்த முகம் இப்போது மறுபக்கம் வரும்படி திருப்பிச் செருக வேண்டும். காந்தத்தைத் திருப்புளியின் முனையால் நெம்பாதீர்கள். சுருள் கம்பி தலைமுடியைப் போல இருக்கும், ஒரு கீறலுக்குத் தாங்காது.

ஓம் பற்றி ஒன்று. கம்பி மெலிந்தால் சுற்றின் எண்ணிக்கை கூடாமலே ஓம் கூடும். எனவே வேறு வேறு கம்பியில் சுற்றிய இரண்டு பிக்கப்புகளை ஓம் வைத்து ஒப்பிடுவது, சேலையின் தரத்தை அதன் எடையை வைத்து முடிவு செய்வது மாதிரி.

வெட்டிய கம்பியைப் பற்றிப் பேசினால் எனக்கு இரத்த அழுத்தம் ஏறும், விட்டுவிடுகிறேன்.

பனிமூட்டம் (டொரன்டோ)

என்னிடம் இருப்பது 1976 லெஸ் பால் கஸ்டம். நான் மூன்று ஆண்டுகளில் இரண்டு ஜோடி பிக்கப் மாற்றினேன். முதல் ஜோடி மந்தமாக இருக்கிறது என்று கழற்றினேன். இரண்டாவதும் மந்தம். கிட்டாரின் மரமே மந்தம் போலும் என்று அதை விற்கவும் விளம்பரம் கொடுத்துவிட்டேன்.

வாங்க வந்தவர் ஓய்வுபெற்ற வானொலிப் பொறியாளர். பின்மூடியைத் திறந்து, பாட்களை (வால்யூம், டோன் குமிழ்களுக்குக் கீழே இருக்கும் மாறு மின்தடைகளை) அளந்து பார்த்துவிட்டுச் சிரித்தார். எழுபதுகளின் கிப்சன்களில் பலவற்றில் வால்யூமுக்கு 300 கிலோ ஓம் பாட், டோனுக்கு 100 கிலோ ஓம் பாட். ஹம்பக்கருக்கு, அதாவது இரட்டைச் சுருள் பிக்கப்புக்கு, வழக்கமாக எல்லோரும் போடுவது 500. பாட்டின் மதிப்பு குறையக் குறைய உச்ச ஒலியைத் தரைக்கு வடித்துவிடும். எந்தப் பிக்கப்பைப் போட்டாலும் அதே வடிகால்தான்.

நான்கு பாட்களையும் மாற்றி, ஆலையிலிருந்து வந்த பழைய பிக்கப்புகளையே திரும்ப வைத்தேன். அவற்றில் சுருளைச் சுற்றும் சட்டமான பாபினில் டி எழுத்து இருக்கும், அதனால் டி டாப் என்பார்கள். ஜன்னலைத் திறந்துவிட்டது போல் ஆயிற்று. பொறியாளரிடம் "மன்னியுங்கள், விற்பதாக இல்லை" என்றேன். அவருக்கு நான் வாங்கிக் கொடுத்தது ஒரு காபி மட்டும். இன்றும் கூச்சமாக இருக்கிறது.

பழைய பாட்களை ஓர் உறையில் போட்டு, எழுதி, கிட்டார்ப் பெட்டிக்குள்ளேயே வைத்திருக்கிறேன். பழைய கருவியில் எதைக் கழற்றினாலும் தூக்கிப் போடாதீர்கள்.

மேளக்காரன் மகன் (தஞ்சாவூர்)

எல்லோரும் இவ்வளவு படித்துவிட்டுப் பேசுகிறீர்கள். நான் ஒரு பிக்கப்பும் மாற்றியதில்லை, பிக்கப்பின் உயரத்தை மாற்றும் இரண்டு திருகுகளைத் திருப்பினேன். கடைசி ஃப்ரெட்டில் கம்பியை அழுத்திப் பிடித்து, கம்பிக்கும் பிக்கப்புக்கும் நடுவே பிரிட்ஜ் பக்கம் 1.6 மில்லிமீட்டர், நெக் பக்கம் 2.4 மில்லிமீட்டர் இடைவெளி வைத்துப் பாருங்கள். அங்கிருந்து காதை வைத்து ஏற்றி இறக்குங்கள். செலவு பூச்சியம்.

ஈயக்கோல் (திருச்சி)

செத்த பிக்கப்பை உயரம் மாற்றி எழுப்ப முடியாது, தம்பி.

மேளக்காரன் மகன் (தஞ்சாவூர்)

அதுவும் சரிதான், அண்ணா.

கரைக்காற்று (சிங்கப்பூர்)

நான் ஏமாந்தது ஓமில் அல்ல, ஒட்டுத்தாளில்.

செத் லவர் என்ற பொறியாளர் கிப்சனுக்காக உருவாக்கிய ஹம்பக்கருக்கு 1955-இல் காப்புரிமை கேட்டு விண்ணப்பித்தார்கள். கிடைத்தது 1959-இல். இடையில் வந்த பிக்கப்புகளின் அடியில் 'காப்புரிமைக்கு விண்ணப்பிக்கப்பட்டுள்ளது' என்று சிறிய கறுப்பு ஒட்டுத்தாள். அதன் ஆங்கில முதலெழுத்துகளைச் சேர்த்துத்தான் பி.ஏ.எஃப். என்கிறோம். உரிமை கிடைத்த பிறகும் சில ஆண்டுகள் அதையே ஒட்டிக்கொண்டிருந்தார்கள். பின்னர் எண் போட்ட ஒட்டுத்தாள் வந்தது. வேடிக்கை என்னவென்றால், அதில் இருந்த எண் பிக்கப்புக்கு உரியதே அல்ல. கிட்டார்க் கலைஞர் லெஸ் பால் பெயரில் இருந்த, கம்பிகளைத் தாங்கும் பாகத்தின் காப்புரிமை எண்.

இவ்வளவும் எனக்கு முன்பே தெரியும். தெரிந்தும், ஒருவர் வீட்டு வரவேற்பறையில் உட்கார்ந்து, கறுப்பு ஒட்டுத்தாளைப் பார்த்ததும் கை நடுங்கிப் பணத்தை எண்ணிக் கொடுத்துவிட்டேன். வீட்டுக்கு வந்து மூடியைக் கழற்றி, பாபினைச் சுற்றியிருந்த டேப்பை ஓர் ஓரம் விலக்கினேன். அந்தக் காலத்து எனாமல் கம்பி கருஞ்சிவப்பாக, நாவல்பழச் சாற்றில் முக்கியது போல இருக்க வேண்டும். எனக்குத் தெரிந்தது பளபளவென்று புதுச் செப்பு நிறம்.

சொல்ல வெட்கமாக இருக்கிறது, அதன் ஒலி நன்றாகவே இருக்கிறது. அதைத்தான் இன்றும் வாசிக்கிறேன். கொடுத்த விலைதான் உறுத்துகிறது.

மலாக்கா நீரிணை (பினாங்கு)

சுருக்கமாக. அறுபதுகளின் டெய்ஸ்கோ என்ற ஜப்பானியக் கிட்டார், முகத்தில் தங்கநிறத் தகடு பதித்த பிக்கப். மெலிந்தது, உடலின் மேலேயே திருகி வைப்பது. ஒன்று செத்துவிட்டது. மாற்றாக ஹம்பக்கர் வைக்க உடலைத் தோண்ட வேண்டும் என்றார் தச்சர். நான் உளியைத் தொடவிடவில்லை. கிட்டார்க் கலைஞர் ரை கூடர் தன் ஸ்ட்ராட் கிட்டாரில் இந்தத் தங்கத்தகட்டை வைத்து வாசித்ததிலிருந்து இதன் விலை ஏறிவிட்டது. ஒற்றைப் பிக்கப்புடனேயே வாசிக்கிறேன். ஒரு கண் போனாலும் முகம் அதே முகம்தானே.

ஆறாம் கம்பி (சென்னை)

எல்லோருக்கும் நன்றி. மூன்று வாரமாக எழுதாததற்குக் காரணம் இருக்கிறது.

ரிச்சி தெருவில் ஒரு மல்ட்டிமீட்டர் வாங்கினேன். திருப்புளிச் சோதனையில் ஒன்று ஏறியது, மற்றது இறங்கியது. ஈயக்கோல் அண்ணா சொன்னது போலவே கம்பிகளை இடம் மாற்றினேன், மூக்கொலி போய்விட்டது. ஆனால் சேறு சேறாகவே இருந்தது.

அப்புறம்தான் செத்த பிக்கப்பை எடுத்து மேசையில் வைத்தேன். ஹம்பக்கரில் இரண்டு சுருள்கள் இருக்கின்றன அல்லவா, இரண்டையும் தனித்தனியாக அளந்து பார்த்தேன். ஒன்று 3.8 கிலோ ஓம் காட்டியது. மற்றதில் எண்ணே வரவில்லை. ஆக, பாதி உயிர் இருந்திருக்கிறது.

அம்பத்தூர்ப் பக்கம் மோட்டார் காயில் கட்டும் பெரியவர் ஒருவரிடம் கொண்டுபோனேன். கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றி, உருப்பெருக்கியில் பார்த்தார். "இதைச் சுற்றினவன் பொறுமைசாலி, தம்பி" என்றார். கம்பியின் கனம் 0.06 மில்லிமீட்டர்தான். ஒரு சுருளில் ஏறத்தாழ 5,000 சுற்று. டேப்பை ஆவி காட்டி உரித்தார். வெளிச்சுற்று தடித்த கம்பியோடு சேரும் இடத்தில் பச்சைக் களிம்பு. அங்கேதான் அறுந்திருந்தது. சுருளுக்குள் ஒரு குறையும் இல்லை. ஒன்றரைச் சுற்றைப் பிரித்து, எனாமலைச் சுரண்டி, ஈயம் வைத்தார். வெட்டுப்பட்ட வெளிக்கம்பிக்கும் புதிய துண்டு ஒன்றை இணைத்தார். நான் கொடுத்த பணத்தில் பாதியைத் திருப்பிக் கொடுத்துவிட்டார். பதினைந்து நிமிட வேலைக்கு இவ்வளவு எதற்கு என்று கேட்டார்.

அவர் பட்டறைத் தகரக் கூரையின் கீழே இரண்டு சுருளையும் சேர்த்து அளந்தபோது 7.96 கிலோ ஓம். வீட்டில் குளிரூட்டிய அறையில் 7.6. மறுபடி ஏதோ அறுந்துகொண்டிருக்கிறது என்று ஓர் இரவு தூங்கவில்லை. செம்பின் மின்தடை ஒவ்வொரு டிகிரிக்கும் ஏறத்தாழ 0.39 சதவீதம் ஏறும் என்பது பிறகுதான் நினைவுக்கு வந்தது. பட்டறைக்கும் என் அறைக்கும் 12 டிகிரி வேறுபாடு என்று வைத்தால் கணக்கு அப்படியே பொருந்துகிறது. இந்த எண்ணை நம்பியா 16 வாங்கினேன்!

பழையது தன் இடத்திலேயே உட்கார்ந்துவிட்டது. நடு நிலை திரும்பக் கிடைத்துவிட்டது. டொரன்டோக்காரர் சொன்னதால் பாட்களையும் அளந்தேன். நான்கில் ஒன்று மட்டும் 410, மற்றவை 500-க்கு அருகில். அதைத் தொடவில்லை.

16 கிலோ ஓம் பிக்கப் இழுப்பறையில் சும்மா கிடக்கிறது. கனமான இசை வாசிப்பவர் யாராவது இருந்தால் சொல்லுங்கள், தபால் செலவு மட்டும் உங்களுடையது. நான்கு கம்பிகளும் முழு நீளத்தில் இருக்கின்றன. ஒன்றையும் வெட்டவில்லை.