சிங்கப்பூர் கப்பல் பயணம்: கிள்ளான், பினாங்கு, புக்கெட்டில் நாமே இறங்கிச் சுற்றலாமா?

பவானிக்கரை:

வணக்கம். மே கடைசி வாரம் குடும்பத்தோடு சிங்கப்பூரிலிருந்து ஐந்து இரவு கப்பல் பயணம் போகிறோம். நான், கணவர், 12 வயதிலும் 8 வயதிலும் இரண்டு பிள்ளைகள், 68 வயது மாமியார். மாமியாருக்கு மூட்டு வலி. சமதரையில் நடப்பார், படி என்றால் சிரமம். எல்லோரும் சைவம்.

கப்பல் நிற்கும் நேரம் இப்படிப் போட்டிருக்கிறார்கள்: போர்ட் கிள்ளான் காலை 8 முதல் மாலை 6 வரை, மறுநாள் பினாங்கு 8 முதல் 5 வரை, அதற்கு மறுநாள் புக்கெட் 9 முதல் 5 வரை. அப்புறம் ஒரு நாள் முழுக்கக் கடல், பிறகு சிங்கப்பூர்.

கப்பலிலேயே விற்கும் சுற்றுலாக்களை மூன்று ஊரிலும் ஐந்து பேருக்கும் எடுத்தால் கப்பல் டிக்கெட்டில் பாதியைத் தொடுகிறது. அதனால் நாங்களே ஒரு திட்டம் போட்டோம். கிள்ளானில் இறங்கி ரயிலில் கோலாலம்பூர் போய் பத்துமலை, இரட்டைக் கோபுரம். பினாங்கில் கொடிமலை (பினாங்கு ஹில்), கெக் லோக் சி கோயில், லிட்டில் இந்தியா. புக்கெட்டில் பிபி தீவுக்கு ஸ்பீட்போட். காலை கிளம்பினால் மாலை 4 மணிக்குக் கரைக்குத் திரும்பிவிடும் என்கிறார் ஏஜென்ட். கப்பல் 5 மணிக்குத்தானே கிளம்புகிறது.

போய் வந்தவர்கள் பார்த்துச் சொல்லுங்கள், இதில் எங்கே இடிக்கும்?

கடல்நாரை:

புக்கெட்டில்தான் இடிக்கும் தங்கச்சி, பலமாகவே இடிக்கும். நான் பல வருடம் கப்பலில் வேலை பார்த்தவன், அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

முதலில் கடிகாரம். சிங்கப்பூரும் மலேசியாவும் ஒரே நேரம். புக்கெட் இருக்கும் தாய்லாந்து ஒரு மணி நேரம் பின்னால். உங்கள் பட்டியலில் 5 மணி என்று இருப்பது எந்த 5 மணி? சில கப்பல்கள் தாய்லாந்து வரும் முந்தின இரவு கடிகாரத்தைத் திருப்பி வைக்கும். சில கப்பல்கள் கடைசிவரை சிங்கப்பூர் நேரத்திலேயே ஓடும். உங்கள் கப்பல் இரண்டாவது வகை என்றால், கப்பலின் 5 மணி கரையில் 4 மணி. ஸ்பீட்போட் கரையைத் தொடும்போது கப்பல் நங்கூரம் தூக்கியிருக்கும். கைபேசி கரைக்குப் போனதும் தானாகவே தாய்லாந்து நேரத்துக்கு மாறிவிடும், அதை நம்பி நிற்காதீர்கள். ஒரு சாதாரணக் கைக்கடிகாரத்தைக் கப்பல் நேரத்துக்கு வைத்துக் கட்டிக்கொள்ளுங்கள். முந்தின இரவு அறைக்கு வரும் தினசரித் தாளில் எந்த நேரம் என்று போட்டிருக்கும். சந்தேகமிருந்தால் வரவேற்பு மேசையில் கேட்டுவிடுங்கள்.

இரண்டாவது, 5 மணி என்பது கப்பல் கிளம்பும் நேரம். எல்லோரும் ஏறியிருக்க வேண்டிய நேரம் அதற்கு அரை மணியாவது முன்னால். சில இடங்களில் ஒரு மணி நேரம்கூட முன்னால் வைப்பார்கள். கணக்கை எப்போதும் அந்த நேரத்திலிருந்து பின்னோக்கிப் போடுங்கள்.

மூன்றாவது, புக்கெட்டில் பெரும்பாலும் பத்தோங் விரிகுடாவில் நங்கூரம் போட்டு, டெண்டர் என்ற சிறு படகில்தான் கரைக்குக் கொண்டுபோவார்கள். 9 மணிக்கு வந்தாலும் அதிகாரிகள் அனுமதி கொடுத்து, கப்பல் சுற்றுலா எடுத்தவர்கள் முதலில் இறங்கி, உங்கள் டெண்டர் எண் வருவதற்குள் பத்தரை ஆகிவிடும். பிபிக்குப் போகும் படகுகள் தீவின் கிழக்குக் கரையிலிருந்து கிளம்புகின்றன. பத்தோங் இருப்பது மேற்குக் கரை. நடுவில் மலைப்பாதை, முக்கால் மணியிலிருந்து ஒரு மணி நேரம் பிடிக்கும். கப்பல் கடிகாரத்தைத் திருப்பி வைத்தாலும்கூட இந்தத் திட்டம் தேறாது. அத்தோடு மே கடைசியில் தென்மேற்குப் பருவக்காற்று தொடங்கிவிடும், அந்தமான் கடல் ஸ்பீட்போட்டைத் தூக்கி அடிக்கும். மூட்டு வலிக்காரரை அதில் உட்கார வைக்கவே கூடாது.

கப்பலில் வாங்கிய சுற்றுலா தாமதமானால் கப்பல் காத்திருக்கும், இல்லை அடுத்த துறைமுகத்துக்கு அவர்களே கொண்டுசேர்ப்பார்கள். சொந்தமாகப் போனவருக்குக் காத்திருக்காது. பிபி பார்த்தே ஆக வேண்டும் என்றால் அந்த ஒன்றை மட்டும் கப்பலில் எடுங்கள்.

ஜார்ஜ்டவுன்காரன்:

அக்கா, பினாங்கைப் பற்றிக் கவலையே வேண்டாம். மூன்று ஊரில் சொந்தமாகச் சுற்ற மிக எளிதான ஊர் இதுதான். கப்பல் ஸ்வெட்டன்ஹாம் துறையில் நிற்கும், இறங்கினாலே ஜார்ஜ் டவுன். கார்ன்வாலிஸ் கோட்டை எதிரிலேயே இருக்கிறது. லிட்டில் இந்தியாவுக்கு மெதுவாக நடந்தாலும் பத்துப் பதினைந்து நிமிடம்தான்.

ஆனால் வரிசையை மாற்றுங்கள். கொடிமலையை முதலில் வையுங்கள். அடிவார நிலையம் துறையிலிருந்து எட்டு ஒன்பது கிலோமீட்டர்தான், கிராப் (கைபேசி ஆப்பில் பிடிக்கும் வாடகைக் கார்) பிடித்தால் அரை மணிக்குள் போகலாம். சிக்கல் மலையேறும் ரயிலுக்கான வரிசையில் இருக்கிறது. மே கடைசி, ஜூன் தொடக்கம் இங்கே பள்ளி விடுமுறைக் காலம். பத்து மணிக்கு மேல் போனால் ஏறவும் இறங்கவும் நிற்க வேண்டியிருக்கும். மதியத்துக்கு மேல் மேகம் மூடி மழை பிடித்தால் மேலே ஒன்றும் தெரியாது. எட்டரைக்குள் கப்பலை விட்டு இறங்க முடிந்தால் நேரே மலைக்குப் போங்கள். ஒன்பதரை தாண்டிவிட்டால் மலையை விட்டுவிடுங்கள், ஜார்ஜ் டவுனிலேயே நாள் போதாது. மெலாகாவோடு சேர்த்து 2008-இல் யுனெஸ்கோ பட்டியலில் சேர்ந்த நகரம் இது.

கெக் லோக் சி மலையடிவாரத்துக்குப் பக்கம்தான், ஆனால் படிகள் நிறைய. பாட்டிக்காக அதை விட்டு, குவீன் தெரு மகா மாரியம்மன் கோயிலுக்கு அழைத்துப் போங்கள். 1833-இல் கட்டியது, தரைமட்டத்தில் இருக்கிறது. மதியம் நடை சாத்திவிடுவார்கள், அதற்கு முன்னால் போய்விட வேண்டும். அதே சுற்றில் வாழையிலைச் சாப்பாடு கிடைக்கும், தமிழிலேயே கேட்டு வாங்கலாம். வெளியில் லக்சா (நூடுல்ஸ்), ரோஜாக் (பழக் கலவை) வாங்கும்போது கவனம். அசாம் லக்சாவின் குழம்பே மீன். ரோஜாக் சாஸில் பெலாச்சான் என்ற இறால் விழுது சேரும். செண்டோல் என்ற தேங்காய்ப்பால் இனிப்பைத் தாராளமாகச் சாப்பிடலாம்.

கிள்ளானைப் பற்றியும் ஒன்று. கப்பல் நிற்பது போர்ட் கிள்ளான் ஊரிலோ ரயில் நிலையத்துக்குப் பக்கத்திலோ இல்லை. டெர்மினல் பூலாவ் இண்டா என்ற தீவில் இருக்கிறது. பாலம் உண்டு, ஆனால் நடந்து போக முடியாது. நிலையத்துக்கே கார் எடுத்து, அங்கிருந்து ஒரு மணி நேரத்துக்கு மேல் ரயிலில் உட்கார்ந்து, கோலாலம்பூரின் கே.எல். சென்ட்ரல் நிலையத்தில் இறங்கி மறுபடி பத்துமலை போக வேண்டும். ஐந்து பேர் இருக்கிறீர்கள், நாள் முழுக்க ஒரு வேன் பேசிவிடுவதே நல்லது. அதிலும் பத்துமலை, இரட்டைக் கோபுரம் இரண்டு மட்டும் போதும்.

பவானிக்கரை:

இருவருக்கும் மனமார்ந்த நன்றி. பிபியை எடுத்துவிட்டோம். ஜார்ஜ்டவுன் தம்பி, பத்துமலையில் 272 படி என்கிறார்களே, மாமியார் கீழேயே இருந்தால் அவருக்குப் பார்க்க ஏதாவது உண்டா? முருகனைப் பார்க்கத்தான் இந்தப் பயணத்துக்கே சம்மதித்தார். திரும்பி வர எத்தனை மணிக்குக் கிளம்ப வேண்டும்?

ஜார்ஜ்டவுன்காரன்:

உண்டு. 42.7 மீட்டர் உயர முருகன் சிலை கீழேதான் நிற்கிறது, அடிவாரத்தில் சன்னதிகளும் இருக்கின்றன. ராமாயணக் குகையும் தரைமட்டத்திலேயே. பிள்ளைகள் ஏறி இறங்கும்வரை பாட்டி நிழலில் உட்கார்ந்து இளநீர் குடிக்கலாம். ஏறுபவர்கள் முழங்கால் மறையும் உடை போட்டுக்கொள்ளுங்கள். குரங்குகள் பையைப் பிடுங்கும், பிளாஸ்டிக் பையைக் கையில் தொங்கவிடாதீர்கள்.

கோலாலம்பூரை மதியம் இரண்டரைக்குள் விடுங்கள். மாலை நெரிசல் தொடங்கிவிட்டால் பூலாவ் இண்டா வரை எவ்வளவு நேரம் என்று யாராலும் சொல்ல முடியாது. கிராப் எடுத்தால் பூலாவ் இண்டாவில் இருக்கும் க்ரூஸ் டெர்மினலைத் தேர்ந்தெடுங்கள். வெறும் போர்ட் கிள்ளான் என்று போட்டால் ஊருக்குள் கொண்டுபோய் விட்டுவிடுவார்கள்.

சாங்கிப்பக்கம்:

யாரும் சொல்லாத ஒன்று: விசா. கப்பலில் சிங்கப்பூருக்குத் திரும்புவது புதிய நுழைவு. இந்தியக் கடவுச்சீட்டு என்றால் உங்கள் சிங்கப்பூர் விசா பலமுறை நுழைய அனுமதிப்பதா என்று இன்றே எடுத்துப் பாருங்கள். சிங்கப்பூர் வருகை அட்டையையும் திரும்பும்போது மறுபடி நிரப்ப வேண்டும். மலேசியாவுக்கும் தாய்லாந்துக்கும் தனித்தனி டிஜிட்டல் வருகை அட்டைகள் இருக்கின்றன. மூன்றும் இலவசம். பணம் கேட்டால் அது அரசுத் தளம் இல்லை. விதிகள் அடிக்கடி மாறுவதால் கிளம்பும் வாரத்தில் அந்தந்த நாட்டு அரசுத் தளத்தில் ஒருமுறை சரிபாருங்கள்.

பவானிக்கரை:

இப்போதே எடுத்துப் பார்த்தேன், பலமுறை என்றுதான் இருக்கிறது. நன்றி. கடல்நாரை அண்ணா, புக்கெட்டில் அப்போது என்னதான் செய்யலாம்? மாமியாரால் டெண்டரில் ஏற முடியுமா?

கடல்நாரை:

ஏறும் இடம் அலைக்கு ஏற்ப மேலும் கீழும் ஆடும். ஊழியர்கள் இரண்டு பக்கமும் கையைப் பிடித்துக்கொள்வார்கள், ஆனால் அந்த ஓரடியை அவரேதான் எடுத்து வைக்க வேண்டும். தானாக அடி எடுத்து வைக்க முடியாதவரை அனுமதிக்க மாட்டார்கள். அன்றைய கடலை நேரில் பார்த்து முடிவெடுங்கள். ஆட்டம் அதிகம் என்றால் அவரோடு ஒருவர் கப்பலில் இருப்பதே நல்லது.

இறங்கினால் புக்கெட் பழைய நகரம் போங்கள். தலாங் சாலை, பழைய சீன போர்ச்சுகீசிய பாணி வீடுகள், நல்ல காபி. பத்தோங்கிலிருந்து காரில் அரை மணி, முக்கால் மணி. ஏறும் முன்பே வாடகையைப் பேசிவிடுங்கள், இல்லை ஆப்பில் பிடியுங்கள். சைவத்துக்கு மஞ்சள் பலகையில் சிவப்பு எழுத்தில் "ஜே" குறி போட்ட கடைகளைத் தேடுங்கள். அங்கே மீன் சாஸ்கூடச் சேர்க்க மாட்டார்கள். மற்ற கடைகளில் காய்கறி வறுவலிலும் அது விழும்.

ஒன்று மட்டும் மனதில் இருக்கட்டும். அலை அதிகமானால் கேப்டன் புக்கெட்டையே ரத்து செய்துவிடலாம், பருவக்காற்றுக் காலத்தில் அது நடக்கும். அப்போது கப்பலில் வாங்கிய சுற்றுலாப் பணம் திரும்ப வரும், வெளியில் கட்டியது வராமல் போகலாம். அதனால் புக்கெட்டுக்கு முன்பணம் எதுவும் கட்டாதீர்கள், கரையில் இறங்கிய பிறகு வண்டி பிடித்துக்கொள்ளலாம். தினசரித் தாளில் துறைமுக ஏஜென்ட் (அந்த ஊரில் கப்பலின் பிரதிநிதி) எண் இருக்கும், ஒவ்வொரு ஊரிலும் இறங்கும் முன் அதைப் படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். வழியில் மாட்டிக்கொண்டால் முதலில் கூப்பிட வேண்டியது அவரைத்தான்.