ரீகன்ஸ்ட்ரக்‌ஷன்: மீட்டுருவாக்கமா, உய்த்துருவாக்கமா?

அன்புள்ள நண்பர்களுக்கு, வணக்கம். உறவுமொழிகளை ஒப்பிட்டு, எழுத்தில் கிடைக்காத மூலமொழியின் வடிவங்களைக் கணிப்பதை மொழியியலில் 'ரீகன்ஸ்ட்ரக்‌ஷன்' என்பார்கள். அதற்கு வேறு தமிழ்ச்சொல் தேடலாம் என்றதற்கு ஐயா ஒருவர் கேட்டார்:

> 'மீட்டுருவாக்கம்' நிலைத்துவிட்ட சொல். இன்னொன்று எதற்கு?

ஐயா கேட்பது நியாயம்தான். மொழியியல் நூல்களில் புழங்கும் சொல்லை அசைக்க எனக்கும் தயக்கம் உண்டு. ஆனாலும் அந்த 'மீட்டு' உறுத்துகிறது. அடகு வைத்த நகையை மீட்கிறோம். அது முன்பு நம்மிடம் இருந்தது, எடைகூடத் தெரியும். லத்தீன், ஜெர்மன், ரஷ்யன், சமஸ்கிருதம் முதலியவற்றுக்குத் தாயான இந்தோ-ஐரோப்பிய மூலமொழியிலோ எழுதிவைத்த ஒரு வரிகூட இல்லை. மீட்டது சரிதானா என்று எதோடு வைத்துப் பார்ப்பது?

கடலுக்கான சொல்லையே எடுத்துக்கொள்ளுங்கள். லத்தீனில் 'மரே', பழைய ஐரிஷில் 'முயிர்', வெல்ஷில் 'மோர்' (நாம் குடிப்பதல்ல), ரஷ்யனில் 'மோரே', ஜெர்மனில் 'மேர்'. இவற்றிலிருந்து *மோரி என்ற மூல வடிவத்துக்குப் (நட்சத்திரம், இது கணித்த வடிவம் என்பதற்கு அடையாளம்) போவதில் பெரிய தடையில்லை. பொருளில்தான் வழுக்குகிறது. டச்சில் 'மேர்' ஏரி, 'ஸே' கடல். பக்கத்து ஜெர்மனில் 'மேர்' கடல். 'ஸே' ஆண்பாலில் ஏரி, பெண்பாலில் கடல்! இங்கிலாந்தின் விண்டர்மியர் என்ற ஏரிப் பெயரின் வாலான 'மியர்'கூட இதே சொல்தான். லித்துவேனியர் 'மாரியோஸ்' என்பது காயலை. ஹார்லெம்மர்மேர் என்ற டச்சு ஏரியை 1852இல் இறைத்தே வற்றவைத்துவிட்டார்கள். இன்று அங்கே ஸ்கிபோல் விமான நிலையம், நீர் பெயரில் மட்டும்.

கிரேக்கத்தில் இந்தச் சொல்லே காணோம். 'தலஸ்ஸா' வேற்றுமொழிச் சரக்கு என்பதே பலர் கருத்து. சமஸ்கிருத 'சமுத்ர' நீர் கூடுமிடம் என்று கட்டிக்கொண்ட சொல். அப்படியானால் *மோரி என்றவர்கள் பார்த்தது அலைகடலையா, தேங்கிய நீரையா?

எனவே என் பரிந்துரை 'உய்த்துருவாக்கம்': சான்றுகளிலிருந்து உய்த்துணர்ந்து உருவாக்குவது. கிடைக்கும் வடிவம் 'உய்த்துரு'. சென்ற மடலில் வந்த 'புனைவடிவம்' கதைவிடும் வாடை அடிக்கிறது; 'மறுகட்டுமானம்' என்றதும் கொத்தனார் வந்து நிற்கிறார்.

ஜெர்மன் மொழியியலாளர் ஆகுஸ்ட் ஷ்லைகர் 1868இல் செம்மறியாடு ஒன்றும் குதிரைகளும் பேசும் சிறு கதையொன்றை மூலமொழியிலேயே எழுதிப் பார்த்தார். பின்வந்தவர்கள் ஆளாளுக்கு அதைத் திருத்தி எழுதினார்கள். மீட்ட நகை கைக்குக் கை உருமாறுமா?

சொல்லின் முன் இடும் நட்சத்திரத்துக்கு 'உடுக்குறி' போதும், ஒரே மூலத்திலிருந்து வந்த சொற்களைக் குறிக்கும் காக்னேட்டுக்கு 'ஓரினச்சொல்'லும் சரி. அவற்றில் எனக்கு வழக்கில்லை. 'உய்த்துரு' வாயில் இடறுகிறது என்றால் சொல்லுங்கள். 'உய்த்தறி வடிவம்' என்று நீட்டிக்கொள்ளச் சம்மதம்.