காத்திருக்கும் தங்கையிடம் என்ன சொல்வது? உதவுங்கள்

அனைவருக்கும் ஸ்தோத்திரம். பட்டர்வொர்த்தில் எங்கள் வீட்டு ஜெபக் கூட்டத்துக்கு வரும் ஒரு தங்கைக்காக இதை எழுதுகிறேன். கல்யாணமாகிப் பல வருடங்கள் ஆகியும் குழந்தை இல்லை. போன வாரம் ஜெபம் முடிந்து எல்லாரும் தேநீர் குடிக்கும்போது ஒரு பெரியம்மா அவள் கையைப் பிடித்து, "கர்த்தருடைய வேளை வரும்மா" என்றார். அன்பாகத்தான் சொன்னார். அவள் தலையாட்டிவிட்டு, குடிக்காத கோப்பையோடு சமையலறைக்குப் போய்விட்டாள்.

அடுத்த கூட்டத்தில் பொறுமையைப் பற்றி நான் பேச வேண்டும். ஆபிரகாம் ஆரானை விட்டுப் புறப்பட்டபோது வயது 75, மகன் ஈசாக்கு பிறந்தபோது 100. இது எல்லாருக்கும் தெரியும். ஆனால் என் மனம் யோவான் சுவிசேஷம் 11-ஆம் அதிகாரத்திலேயே நிற்கிறது. லாசரு வியாதியாயிருக்கிறான் என்று கேள்விப்பட்ட பிறகும் இயேசு இரண்டு நாள் தாம் இருந்த இடத்திலேயே தங்கினார். லாசரு மரித்த பின் அவன் சகோதரிகள் மார்த்தாள், மரியாள் இருவருமே "நீர் இங்கேயிருந்தீரானால் என் சகோதரன் மரிக்கமாட்டான்" என்று அவரிடம் நேராகவே சொன்னார்கள். அவர் அதட்டவில்லை. மரியாள் அழுவதைப் பார்த்துத் தாமும் அழுதார். லாசருவை உயிரோடு எழுப்பப் போகிறோம் என்று தெரிந்தும் அழுதார்! விசுவாசத்தோடு காத்திருப்பவர்கள் அழலாம் என்பதற்கு இதைவிட என்ன வேண்டும்?

குழந்தைக்காகவோ வேலைக்காகவோ நீண்ட நாள் காத்திருந்தவர்கள், உங்களைத் தாங்கிய வசனம் எது, எந்தப் பேச்சு காயப்படுத்தியது என்று எழுதுங்கள். கேட்டது கிடைக்காமலே விசுவாசத்தில் நிற்பவர்களின் சாட்சி எனக்கு மிகவும் தேவை. அப்புறம், பட்டர்வொர்த், புக்கிட் மெர்தாஜாம் பக்கம் இருக்கும் அக்காமார் யாராவது அவளோடு உட்கார்ந்து ஜெபிக்க முடியுமென்றால் தனியாக மெசேஜ் போடுங்கள். அவளிடம் கேட்டுவிட்டு எண்ணைத் தருகிறேன்.