புது டயரைப் பழக்குறது: ‘வெள்ளோட்டம்’ ஏன் பொருந்தாது

வணக்கம் நண்பர்களே,

டிராக் டேக்கு, அதாவது ரேஸ் டிராக்குல நம்ம பைக்கையே ஓட்டிப் பாக்குற நாளுக்குப் போறதுக்கு முன்னாடி, புது டயரோட வழவழப்பு போற மாதிரி ஓட்டி ‘ஸ்க்ரப்’ பண்ணுவோம் இல்லையா, நம்ம பைக் கலைச்சொல் பட்டியல்ல அதுக்குத் தமிழ்ல என்ன சொல்றதுன்னு ஆரம்பிச்ச பேச்சுல இதுவரைக்கும் நாலு சொல் வந்திருக்கு. வெள்ளோட்டம், மெழுகுநீக்கம், உரசல், சூடேற்றம். எல்லாருமே யோசிச்சுதான் எழுதியிருக்கீங்க, ஆனா நாலுமே எனக்கு ஒப்பல, ஏன்னா இந்தச் சொல் தப்பாப் போனா பட்டியல்ல ஒரு வரி தப்பாப் போறதோட நிக்காது, அதைப் படிச்சுட்டு வண்டி எடுக்குற பையன் கீழ விழுவான்.

நான் விழுந்திருக்கேன். புதுசா பின் டயர் மாட்டினப்ப கடைத்தம்பி “ரெண்டு நாளு மெதுவா ஓட்டுங்கண்ணா”ன்னு மட்டும் சொன்னாரு. நானும் ரெண்டு நாளு இல்ல, ஒரு வாரம் ஆபீசுக்கும் வீட்டுக்கும் நாப்பதுலயே ஓட்டினேன். ஞாயித்துக்கிழமை ஏலகிரிக்குக் கெளம்பி, ஹைவே பூரா நேராப் போயி, மலை ஏறுறப்ப மூணாவது கொண்டை ஊசி வளைவுல எப்பவும் போல சாய்ச்சேன், பின்சக்கரம் சோப்புல கால் வெச்ச மாதிரி போயிடுச்சு. முழங்கால்ல ஆறு தையல். வண்டியத் தூக்கி நிறுத்திட்டுக் குனிஞ்சு டயரைப் பாத்தா, நடுவுல நாலு விரல் அகலத்துக்கு சாம்பல் பூத்த மாதிரி மங்கலா சொரசொரன்னு இருக்கு, ரெண்டு ஓரமும் அப்பத்தான் பறிச்ச கத்திரிக்கா மாதிரி பளபளன்னு இருக்கு, டயரை வார்க்கற அச்சு, அதான் மோல்டு, அதுலேர்ந்து வந்த ரப்பர் முடிகூட உதிரல. மங்கலுக்கும் பளபளப்புக்கும் நடுவுல சுண்ணாம்புக் கயிறு அடிச்ச மாதிரி ஒரு எல்லை. அந்தத் தம்பி மேல எனக்கு வருத்தம் இல்ல, அவருகிட்ட அதுக்கு ஒரு சொல் இல்ல, அவ்வளவுதான். மெதுவா ஓட்டுறது வேற, கொஞ்சங்கொஞ்சமா சாய்ச்சு சாய்ச்சு ஓரம் வரைக்கும் ரோட்டுல பட விடுறது வேற.

வெள்ளோட்டத்துக்கு வர்றேன். அருமையான சொல், அதுல எனக்கு சந்தேகமே இல்ல. புதுத்தேர் செஞ்சா வடம் புடிச்சு வீதியில ஒரு தடவை இழுத்துப் பாப்பாங்க, அச்சு தாங்குதா, திருப்பத்துல முட்டுக்கட்டைக்கு அடங்குதான்னு. அது சோதனை. ஓடுறதுக்கு முன்னாடி இருந்த தேர்தான் ஓடினதுக்கு அப்புறமும். டயர்ல நமக்கு வேண்டியது சோதனை இல்ல, ஓட்டம் முடியறப்ப டயரோட மேல்தோலே மாறியிருக்கணும். மாறலன்னா எத்தனை கிலோமீட்டர் ஓடியிருந்தாலும் வேலை முடியல.

மெழுகுநீக்கம் இன்னும் ஆபத்து. முன்னாடி டயர் மோல்டுல ஒட்டாம வரணும்னு ஒரு பூச்சு அடிப்பாங்க, அது டயர் மேல கொஞ்சம் தங்கும், அதைத்தான் நம்மாளுங்க மெழுகுன்னு சொல்லிப் பழகிட்டாங்க. இப்ப அந்தப் பூச்சே இல்லாம வர்ற டயரும் இருக்கு. ஆனா பூச்சு இல்லாட்டியும் மோல்டு வழவழன்னு இருக்கறதால டயரும் வழவழன்னுதான் வெளிய வரும், அந்த வழவழப்பு உடைஞ்சு ரப்பர் ரோட்டைக் கடிக்க ஆரம்பிக்கணும், விஷயம் அதுதான். ‘நீக்கம்’னு பேர் வெச்சா என்ன நடக்கும்? பெட்ரோல்ல துணிய நனைச்சுத் தொடைப்பான், தின்னர் ஊத்துவான். ரப்பர் கெட்டுப்போகும். ‘உரசல்’னு வெச்சா உப்புத்தாள எடுத்துக்கிட்டு உக்காந்துருவான், அதோட ரெண்டு வண்டி இடிச்சுக்கறதுக்குத்தான் நாம உரசல்னு ஏற்கெனவே சொல்றோம்.

சூடேற்றம்னு எழுதினவரு டயர் வார்மரை, அதாவது ஓட்டறதுக்கு முன்னாடியே டயரைச் சுத்தி சூடு பண்ற போர்வைய நெனச்சு எழுதியிருக்காருன்னு புரியுது. அது தனி வேலை, அந்தப் பேரு அதுக்கே இருக்கட்டும். வார்மர் போர்வைய சுத்தி ஒரு மணி நேரம் சூடு பண்ணினாலும் புது டயரோட பளபளப்பு அப்படியேதான் இருக்கும், சூடு உள்ள போகும், மேல்தோல் சொரசொரப்பாகாது.

நான் சொல்ற சொல்லு ‘பழக்கு’. இதை நான் புதுசாப் படைக்கல, நம்ம அடுப்படியிலயே இருக்கு. புது இரும்பு தோசைக்கல் வாங்கினா எங்கம்மா அரிசி களைஞ்ச தண்ணியில ஊற வெச்சுத் தேய்ப்பாங்க, எண்ணெய் தடவி அடுப்புல காய வெப்பாங்க, வெங்காயத்தை ரெண்டா வெட்டிக் கல்லு பூரா தேய்ப்பாங்க, திரும்ப எண்ணெய், திரும்பச் சூடு, இப்படி நாலஞ்சு நாளு. நடுவுல யாராவது தோசை ஊத்தி அது ஒட்டிக்கிச்சுன்னா “கல்லு இன்னும் பழகலடி”ம்பாங்க. மண்சட்டிக்கும் இதே சொல்தான். வண்டி மாட்டுக்கும் இதேதான், மொத நாளே பாரம் ஏத்த மாட்டாங்க, வெறும் நுகத்தடியில ஆரம்பிச்சு படிப்படியா ஏத்துவாங்க. இந்த ‘படிப்படியா’ங்கறதுதான் டயருக்கு உயிர், அது இந்தச் சொல்லுக்குள்ளயே இருக்கு, தனியா விளக்கம் எழுத வேண்டாம்.

இன்னொண்ணு, பழகு – பழக்குன்னு தன்வினையும் பிறவினையும் ஜோடியாக் கெடைக்குது. டயர் பழகுது, ஓட்டுறவன் பழக்குறான். அவனும் பழகணும், அது முக்கியம். பழைய டயர் நடுவுல தேஞ்சு தட்டையா ஆகியிருக்கும், புதுசு உருண்டையா இருக்கும், அதனால ஹேண்டில லேசாத் தொட்டாலே வண்டி சட்டுனு உள்ள விழுற மாதிரி தோணும். இங்கிலீஷ் சொல்லுல டயர் மட்டும்தான் இருக்கு, நம்ம சொல்லுல ஆளும் சேர்ந்து வர்றான்.

பெயர்ச்சொல்லா ‘பழக்கோட்டம்’னு எழுதலாம்னுதான் மொதல்ல நெனச்சேன். ஆனா எங்க வீட்டுல காட்டினப்ப, வள்ளுவர் கோட்டம் மாதிரி பழத்துக்கு ஒரு கோட்டமான்னு கேட்டாங்க, நியாயந்தான், பழம் கூட கோட்டம் சேர்ந்தாலும் இதே எழுத்துதான் வரும். அதனால பிரிச்சே ‘பழக்கு ஓட்டம்’னு எழுதுவோம். டிராக்ல அதுக்குன்னு ஒதுக்கற ரவுண்டுக்கு ‘பழக்கு சுற்று’. நடுவுல ச் போடாதீங்க, சுடுசோறு மாதிரி இது வினைத்தொகை. ஓரத்துல பளபளன்னு மிச்சம் இருக்கறதை சிக்கன் ஸ்ட்ரிப்னு சொல்றோமே, அது ‘பழகா ஓரம்’. ஏலகிரியில நான் பாத்தது அதைத்தான்.

விளக்கத்துல எதை எழுதணுங்கறதுலயும் கவனமா இருக்கணும். “100 கிலோமீட்டர் ஓட்டவும்”னு மட்டும் எழுதினா போதாது. சென்னையிலேர்ந்து இருங்காட்டுக்கோட்டை டிராக்குக்குப் போற பெங்களூர் ஹைவே நேர் ரோடு, அதுல எவ்வளவு ஓட்டினாலும் நடுப்பகுதிதான் பழகும், டிராக்ல முதல் வளைவுலயே பழகா ஓரத்து மேல நிப்பான். அங்க ஒரு சுற்று 3.7 கிலோமீட்டர், 12 வளைவு. முதல் மூணு நாலு சுத்தைப் பழக்கு சுற்றா வெச்சுக்கிட்டு, ஒவ்வொரு சுத்துலயும் முன்னதைவிடக் கொஞ்சம் கூட சாய்க்கணும், ஆக்சிலரேட்டரையும் பிரேக்கையும் மெத்துன்னு குடுக்கணும், சாய்ஞ்ச நெலையில ரெண்டையும் வெடுக்குன்னு பண்ணவே கூடாது. நேர்ல பாம்பு மாதிரி வளைச்சு வளைச்சு ஓட்டுறதால பைக்குக்குப் பெருசா ஒண்ணும் ஆகாது, சூடு வர்றது ஆக்சிலரேட்டராலயும் பிரேக்காலயும்தான். கடிகாரச் சுத்துல போற டிராக்னா வலது வளைவு அதிகம், இடது ஓரம் பின்தங்கும், அதைத் தனியாப் பாக்கணும்.

டயர் மாட்டுறப்ப ரிம்முல தடவுற சோப்புத் தண்ணியும் இருக்கு. அது காயறதுக்குள்ள ஆக்சிலரேட்டரை முறுக்கினா டயர் ரிம்முலயே நழுவித் திரும்பிடும். சாக்பீஸால டயர்லேர்ந்து ரிம் வரைக்கும் ஒரு கோடு போட்டு வெச்சா, கோடு உடைஞ்சிருக்கான்னு பாத்தே தெரிஞ்சுக்கலாம். இதையும் விளக்கத்துல சேர்க்கணுங்கறது என் ஆசை.

பிரேக் பேடுக்கும் ‘பழக்கு’தானேன்னு ஒருத்தர் கேட்டிருந்தாரு. வேண்டாங்க. மெக்கானிக்குங்க எல்லாம் “பேடு செட் ஆவட்டும்”னு சொல்றாங்க, அங்க பேடோட பொருள் டிஸ்க் மேல மெல்லிசாப் படியுது, அதுக்கு ‘படிவித்தல்’ சரியா இருக்கும். ரெண்டுக்கும் ஒரே சொல் வெச்சா கையேடு எழுதறவங்க திண்டாடுவாங்க.

பட்டியலுக்கு நான் எழுதின வரி இது: “பழக்கு ஓட்டம் – புது டயரின் வழவழப்பான மேற்பரப்பு நடுவிலிருந்து ஓரம் வரை சொரசொரப்பாகும்படி, சாய்வைப் படிப்படியாகக் கூட்டி ஓட்டுதல்.” இதுல ‘சொரசொரப்பு’க்குப் பதிலா வேற சொல் போடலாமான்னு ரொம்ப நேரம் யோசிச்சேன், அப்புறம் விட்டுட்டேன், விரலை வெச்சுத் தடவுறவனுக்குப் புரியற சொல் சொரசொரப்புதான். கோயம்புத்தூர் பக்கம் கரி ஸ்பீட்வே ரேஸ் டிராக்குல ஓட்டுற நண்பர்கள் யாராவது இருந்தா, அங்க டயர்க்கடையில இதுக்கு வேற ஏதாவது சொல் புழங்குதான்னு கேட்டு எழுதுங்க, இருந்தா என் சொல்ல வாபஸ் வாங்கிக்கறேன்.