ஊர்வா, தொய்வா? கான்கிரீட் பாடத்துக்கு ஒரு சொல் வேண்டும்

அனைவருக்கும் வணக்கம்.

பாலிடெக்னிக் பாடநூல் நாளை அச்சுக்குப் போகிறது. மாறாத சுமையின் கீழ் கான்கிரீட் ஆண்டுக்கணக்கில் மெல்ல மெல்ல உருமாறிக்கொண்டே போகிறதே, அதற்கு என்ன பெயர் வைப்பது? ‘கிரீப்’ என்றே விட மனம் வரவில்லை. இயலின் உயிர்நாடி ஜல்லித் தேர்வு. சுமைக்கு அமுங்கிக்கொடுப்பது சிமென்ட் பசை. கனஅளவில் 60 முதல் 75 விழுக்காடு வரை இருக்கும் ஜல்லியும் மணலும் அதை இழுத்துப் பிடிக்கின்றன. விறைப்பான கருங்கல் ஜல்லி நன்றாகப் பிடிக்கும். மணற்கல் தானும் அமுங்கும். சுண்ணாம்புக்கல் கலவையைவிட மணற்கல் கலவையில் இந்த உருமாற்றம் இரு மடங்குக்கு மேல் போனதை நீண்டகாலச் சோதனைகள் காட்டியிருக்கின்றன. ‘தொய்வு’ போடலாமா?

*

தொய்வு வேண்டாம் ஐயா. உத்தரம் தொய்யும், தூண் தொய்யாது, குறுகும். ‘தளர்வு’ம் ஆகாது. நீளம் மாறாமல் இழுத்துக் கட்டிய முன்தகைவுக் கம்பியில் தகைவு (உள்ளிருக்கும் இழுப்பு) குறைகிறதே, அதற்கு அச்சொல் வேண்டும். சோர்வு, தேர்வு வரிசையில் ‘ஊர்வு’ என்போம். ‘சிவிகை பொறுத்தானோடு ஊர்ந்தான்’ என்று குறளிலேயே சுமையும் ஊர்தலும் சேர்ந்து வருகின்றன.

*

அங்கே ஊர்ந்தவன் சுமை, பொறுத்தவனல்லவா கான்கிரீட்? குறளை இதற்கு இழுக்காதீர்கள். ஊர்வன என்றாலே மாணவர்க்குப் பாம்பும் பல்லியும்தான். பலாவு நாட்டில் 1977இல் கட்டிய கோரோர்–பாபெல்டாப் பாலம், தூண்களுக்கு இடையே 241 மீட்டர் கண், நடுவில் ஒரு மீட்டருக்கு மேல் இறங்கியது. சீரமைத்த பின் 1996இல் இடிந்தே விழுந்தது. இறங்கியபோது கண்ணுக்குத் தெரிந்தது தொய்வுதானே? அதோடு, கற்காரை என்ற நல்ல தமிழ் இருக்கக் கான்கிரீட் எதற்கு?

*

அம்மா, அந்தப் பாலத்தில் தொய்வு விளைவு. நாம் பெயர் தேடுவது அதன் காரணத்துக்கு. இரண்டையும் வாக்கியத்தில் வைத்துப் பார்த்தேன். ‘பசை ஊர்கிறது, ஜல்லி விறைப்பாக இருந்தால் ஊர்வு குறையும்’ என்பது தூணுக்கும் உத்தரத்துக்கும் ஒருசேரப் பொருந்துகிறது. ‘பசை தொய்கிறது’ என்பது நிற்கவில்லை. சுமையின்றியும் உலர்வதால் வரும் சுருக்கம் வேறு, ஊர்வு வேறு என்றும் இதில் பிரித்துக் காட்ட முடிகிறது. பலரும் ஊர்வு என்றே எழுதியிருப்பதால் அதையே போடுகிறேன். ஜல்லி, கான்கிரீட் இரண்டும் கட்டடத்தில் நிற்கும் எல்லோர் வாயிலும் புழங்குபவை, மாற்றப்போவதில்லை.

*

ஊர்வு சரி, இசைகிறேன். கற்காரையைக் கைவிட்டதற்கு இசையவில்லை. அடுத்த பதிப்புக்கு முன் மறுபடி எழுதுவேன்.