மாதச் செலவுக் கணக்குக்கு ஆறு தலைப்புகள் போதும் என்கிறேன். மறுப்பவர்கள் வாருங்கள்

பேரேடு:
வீட்டுக் கணக்கை உற்சாகமாகத் தொடங்கிய பலர் இரண்டாவது மாதத்திலேயே கைவிடுவதைத் தொடர்ந்து பார்த்து வருகிறேன். அதைச் சோம்பல் என்று சொல்லிவிடுவது எளிது. என்னைக் கேட்டால், குற்றம் தலைப்புகளுடையது.

ஒரே பில்லில் சோப்பு, நோட்டுப் புத்தகம், தலைவலி மாத்திரை, பல்பு எல்லாம் இருக்கின்றன. முப்பது தலைப்பு வைத்திருப்பவர் அதை நான்காக உடைத்து எழுத வேண்டும். வேலை முடிந்து களைத்துப்போன நேரத்தில் யாருக்கு மனம் வரும்? பில் மேசை இழுப்பறைக்குள் போகிறது. நாலு வாரம் கழித்து எடுத்துப் பார்த்தால் அந்த வழவழப்பான தாளில் எழுத்தே மங்கியிருக்கிறது. கணக்கு அங்கேயே நின்றுபோகிறது.

என் பரிந்துரை ஆறு தலைப்புகள்: வீடு (வாடகை அல்லது கடன் தவணை, மின்சாரம், தண்ணீர், இணையம்), மளிகையும் அன்றாடமும், போக்குவரத்து, மருத்துவமும் கல்வியும், விருப்பச் செலவு, ஆண்டுச் செலவு. பில்லை உடைக்க வேண்டாம். அதில் பெரும்பங்கு எதுவோ அந்தத் தலைப்பில் முழுத் தொகையையும் எழுதிவிடுங்கள். ஒரு தலைப்பு வேண்டுமா வேண்டாமா என்று முடிவு செய்ய ஒரே கேள்வி போதும்: அதன் மொத்தத்தைப் பார்த்த பிறகு அடுத்த மாதம் எதையாவது மாற்றிச் செய்வோமா? மாட்டோம் என்றால் அந்தத் தலைப்பை எடுத்துவிடலாம்.

நுணுக்கம்:
பேரேடு ஐயா, முழுமையாக மறுக்கிறேன். ஆறு தலைப்பில் எழுதினால் எழுதுவது சுலபம், படிப்பதற்குத்தான் ஒன்றும் இருக்காது.

'மளிகையும் அன்றாடமும்' என்ற உங்கள் தலைப்பையே எடுத்துக்கொள்வோம். ஆண்டு முழுவதும் அதன் மொத்தம் ஏறக்குறைய ஒரே அளவில் நிற்கிறது. வீட்டில் எல்லாரும் நிம்மதியாக இருக்கிறார்கள். உள்ளே என்ன நடந்தது? வீட்டில் சமைப்பதற்கான செலவு மெல்லக் குறைந்து, வெளியில் வாங்கிச் சாப்பிடும் செலவு அதே அளவுக்கு ஏறியிருக்கிறது. இரண்டும் ஒன்றையொன்று சரிக்கட்டிவிடுவதால் மொத்தத்தில் தெரியவில்லை. நீங்கள் சொன்ன சோதனையை வைத்தே கேட்கிறேன்: இது தெரிந்திருந்தால் அந்தக் குடும்பம் அடுத்த மாதம் எதையாவது மாற்றியிருக்குமா, இல்லையா? கட்டாயம் மாற்றியிருக்கும். அப்படியானால் அது தனித் தலைப்பாக இருக்க வேண்டியதுதானே?

உலக அளவில் குடும்பச் செலவை வகைப்படுத்துவதற்கு ஐக்கிய நாடுகள் அவையின் வகைப்பாடு ஒன்று இருக்கிறது. அதன் 1999ஆம் ஆண்டு வடிவில் குடும்பங்களுக்கான பெரும்பிரிவுகள் 12. 2018 வடிவில் 13. முன்பு இதரப் பிரிவுக்குள் கிடந்த காப்பீட்டையும் நிதிச் சேவைகளையும் வெளியே எடுத்துத் தனிப் பிரிவாக்கினார்கள். இதையே தொழிலாகச் செய்கிறவர்கள் பிரித்துக்கொண்டு போகிறார்கள். நாம் ஏன் ஆறாகச் சுருக்க வேண்டும்?

பேரேடு:
அந்த வகைப்பாடு விலைவாசிக் குறியீட்டுக்கும் நாடுகளை ஒப்பிடுவதற்கும் ஏற்பட்டது. ஆயிரக்கணக்கான வீடுகளின் கணக்கைப் பிரித்து அடுக்க அவர்களுக்குத் தனியாக ஆட்கள் இருக்கிறார்கள். நம் வீட்டில் எழுதுபவரும் படிப்பவரும் ஒரே ஆள்.

வெளியில் சாப்பிடுவதை நீங்கள் சொன்னது சரியான எடுத்துக்காட்டு. அதை விருப்பச் செலவில் எழுதுங்கள், தலைப்பு ஆறுதான். எண்ணிக்கையைவிட எல்லைக்கோட்டை எங்கே போடுகிறோம் என்பது முக்கியம் என்று நீங்கள் வாதாடினால் நான் உங்கள் பக்கம்.

மிச்சம்:
இருவரும் தவறான இடத்தில் சண்டை போடுகிறீர்கள் என்பது என் எண்ணம். தலைப்பே வேண்டாம். மாதத் தொடக்கத்தில் எல்லாக் கணக்குகளிலும் கையிலும் சேர்த்து எவ்வளவு இருந்தது, மாதத்தில் எவ்வளவு வந்தது, கடைசி நாளில் எவ்வளவு இருக்கிறது. முதல் இரண்டையும் கூட்டி மூன்றாவதைக் கழித்தால் செலவு. கிரெடிட் கார்டில் பாக்கி இருந்தால் அதை இருப்பிலிருந்து கழித்துக்கொள்ளுங்கள். சில நிமிட வேலை. எந்தப் பில்லையும் தேட வேண்டியதில்லை.

சேமிக்க நினைத்த தொகையைச் சம்பளம் வந்த அன்றே ஒதுக்கிவிட்ட பிறகு, மீதி எந்தத் தலைப்பில் போனால் என்ன? துண்டு விழுந்ததா விழவில்லையா என்பதுதான் கேள்வி.

நுணுக்கம்:
துண்டு விழாத வீட்டுக்கு நீங்கள் சொல்வது பொருந்தும். விழுந்த வீட்டுக்கு? எவ்வளவு விழுந்தது என்று உங்கள் முறை சொல்லும். எதைக் குறைப்பது என்று சொல்லாது. பணத்தட்டுப்பாட்டில் இருக்கும் குடும்பத்துக்கு இரண்டாவது பதில்தான் தேவைப்படுகிறது. வசதியாக இருப்பவர்களுக்குப் போதுமான முறையை எல்லாருக்கும் பொதுவாக்கக் கூடாது. இதில் எனக்குக் கோபமே வருகிறது.

மிச்சம்:
நியாயமான கோபம். என் முறையைத் தணிக்கையாகவாவது வைத்துக்கொள்ளுங்கள். தலைப்பு வாரியாக எழுதிய செலவுகளின் கூட்டுத்தொகை நான் சொன்ன கழித்தல் தொகையோடு ஒத்துப்போக வேண்டும். எழுதியது குறைவாக இருந்தால், அந்த வித்தியாசம் எழுதாமல் விட்ட செலவு. அதைப் பாராமல் வட்டப்படம் வரைந்து மகிழ்கிற கணக்குகள் நிறைய இருக்கின்றன.

விரிதாள்:
மிச்சம் சொன்ன தணிக்கையை எல்லாரும் செய்ய வேண்டும். வித்தியாசம் எங்கிருந்து வருகிறது என்பதை நான் சொல்கிறேன். முக்கியமாக இரண்டு இடங்கள்.

ஒன்று, கிரெடிட் கார்டு. பொருள் வாங்கிய அன்று செலவாக எழுதுகிறார்கள். மாதக் கடைசியில் கார்டு பாக்கியைக் கட்டும்போது அதையும் செலவாக எழுதுகிறார்கள். ஒரே பணம் இரண்டு முறை ஏறிவிடுகிறது. கார்டுக்குக் கட்டுவது ஒரு கணக்கிலிருந்து இன்னொன்றுக்குப் பணத்தை மாற்றுவதுதான், அது செலவில் வராது. இரண்டு, ஏடிஎம்மில் எடுத்த ரொக்கம். எடுப்பதும் மாற்றம்தான், கையிலிருந்து போகும்போதுதான் செலவு. அந்தச் சில்லறைகளை எழுத முடியாதவர்கள், மாதக் கடைசியில் கையிருப்பை எண்ணி, குறைந்திருப்பதை 'ரொக்கச் சில்லறை' என்று ஒரே வரியில் எழுதிவிடலாம்.

எக்செல் போன்ற மென்பொருளில் எழுதுபவர்களுக்கு: மாதத்துக்கு ஒரு தாள், தலைப்புக்கு ஒரு நெடுவரிசை என்று அகலமாக அமைக்காதீர்கள். தேதி, தொகை, தலைப்பு, குறிப்பு என்று நான்கே நெடுவரிசைகள்; ஒரு செலவுக்கு ஒரு வரி; ஆண்டு முழுவதும் ஒரே தாள். மாதவாரியாகவும் தலைப்பு வாரியாகவும் கூட்டித் தரும் வேலையை, அந்த மென்பொருளிலேயே இருக்கும் பிவட் டேபிள் வசதியிடம் விட்டுவிடுங்கள். தலைப்பைக் கையால் தட்டாமல் கீழ்விரி பட்டியலிலிருந்து தேர்ந்தெடுக்கும்படி அமையுங்கள். இல்லாவிட்டால் 'மின்சாரம்', 'மின் கட்டணம்', 'கரன்ட் பில்' என்று ஒரே செலவு மூன்று தலைப்பாகச் சிதறும்.

இப்படி அமைத்தால் உங்கள் இருவருடைய சண்டையும் பாதி தீர்ந்துவிடும். தலைப்பு ஆறாக இருக்கட்டும். நுணுக்கம் அம்மா கேட்கும் விவரம் குறிப்பு நெடுவரிசைக்குப் போகட்டும். தேவைப்படும்போது குறிப்பில் தேடிக்கொள்ளலாம்.

நுணுக்கம்:
குறிப்பு நெடுவரிசை தொடக்கத்தில் நிரம்பியிருக்கும், போகப்போக வெறுமையாகிவிடும். கட்டாயம் இல்லாத பெட்டியை யாரும் நிரப்புவதில்லை. தலைப்பு கட்டாயம் என்பதால்தான் அது எழுதப்படுகிறது. கார்டு விஷயத்தில் மட்டும் உங்களுக்கு நன்றி. பலர் அங்கேதான் குழம்புகிறார்கள்.

கைக்கணக்கு:
எல்லாரும் பொருளை வைத்தே பிரிக்கிறீர்கள். காரணத்தை வைத்துப் பிரித்துப் பாருங்கள் என்கிறேன். ஜப்பானில் பத்திரிகையாளர் ஹானி மோட்டோகோ 1904இல் அறிமுகப்படுத்திய 'ககேபோ' என்ற வீட்டுக் கணக்கு முறை இன்று நான்கு தலைப்புகளோடு பரவலாகக் கையாளப்படுகிறது: தேவை, விருப்பம், பண்பாடு, எதிர்பாராதது. புத்தகமும் இசையும் பண்பாட்டில் சேரும். பழுதுபார்ப்பும் திடீர் மருத்துவமும் எதிர்பாராததில் சேரும். கையால் எழுதுவது அந்த முறையின் உயிர். எழுதும் நேரத்தில், இதை ஏன் வாங்கினோம் என்று மனம் ஒரு முறை கேட்டுக்கொள்கிறது. செயலி தானாகவே வகைப்படுத்தித் தரும் பட்டியலில் அந்தக் கேள்வி எழுவதே இல்லை.

நுணுக்கம்:
காரணத்தை வைத்துப் பிரிப்பது எழுதுபவரின் மனநிலையைப் பொறுத்து மாறும் அம்மா. பிள்ளைக்குச் செருப்பு வாங்கியது தேவை. பழையது நன்றாக இருக்கும்போதே வாங்கியது? நல்ல மனநிலையில் இருந்தால் தேவை என்று எழுதுவோம், மாதக் கடைசி என்றால் விருப்பம் என்று எழுதுவோம். பொருள் மாறுவதில்லை. ஆறு மாதம் கழித்து ஒப்பிடும்போது பொருள்வாரித் தலைப்பைத்தான் நம்ப முடியும்.

கைக்கணக்கு:
ஒப்பிடுவதற்காக நான் எழுதுவதில்லை. அடுத்த முறை கடையில் நிற்கும்போது கை தயங்க வேண்டும் என்பதற்காக எழுதுகிறேன். அந்தத் தயக்கம் வந்துவிட்டால் பழைய ஏட்டைத் திரும்பப் பார்க்க வேண்டிய தேவையே குறைந்துவிடும்.

பேரேடு:
இதே காரணவாரிப் பிரிவைத்தான், அப்போது அமெரிக்கச் சட்டப் பேராசிரியராக இருந்த எலிசபெத் வாரனும் அவர் மகள் அமேலியாவும் 2005இல் எழுதிய நூல் வழியாகப் பரவிய 50-30-20 விகிதமும் பின்பற்றுகிறது. வரி போக வரும் வருமானத்தில் பாதி தேவைக்கு, 30 சதவீதம் விருப்பத்துக்கு, 20 சதவீதம் சேமிப்புக்கும் கடனை அடைப்பதற்கும். தலைப்பு மூன்றே மூன்று. எளிமையில் இதை மிஞ்ச முடியாது.

ஆனாலும் இந்த விகிதத்தை எல்லா வீட்டுக்கும் அளவுகோலாக வைக்க எனக்கு மனம் ஒப்பவில்லை. எர்ன்ஸ்ட் எங்கல் என்ற ஜெர்மன் புள்ளியியலாளர் 1857லேயே காட்டிவிட்டார்: வருமானம் குறையக் குறைய உணவுக்குப் போகும் பங்கு கூடுகிறது. வாடகையும் உணவுமே வருமானத்தில் முக்கால் பங்கை எடுத்துக்கொள்ளும் வீட்டில் 50 என்ற எண்ணைக் காட்டி 'மீறிவிட்டீர்கள்' என்றால் அந்தக் குடும்பம் குற்ற உணர்ச்சியோடு கணக்குப் புத்தகத்தை மூடிவிடும்.

புதுக்குடித்தனம்:
நான் கேட்க வந்தது வேறு. எங்கள் வீட்டில் எழுதுவது நான் மட்டும். தலைப்பு வாரியாகக் கேட்கத் தொடங்கினால் என் கணவருக்கு அது விசாரணை போல இருக்கிறது. 'இது எதற்கு, அது எதற்கு' என்று கேட்கும்போது எனக்கே பிடிக்கவில்லை. தலைப்பைக் குறைப்பதா கூட்டுவதா என்பதைவிட, இருவர் சேர்ந்து எழுதுவது எப்படி என்று யாராவது சொல்லுங்கள்.

பேரேடு:
உங்கள் கேள்விதான் இந்த இழையில் மிகவும் தேவையான கேள்வி. ஆளுக்கு ஒரு 'சொந்தச் செலவு' வரி போடுங்கள். மாதத் தொடக்கத்திலேயே ஒரு தொகையை ஒப்புக்கொண்டு, அதை முழுவதுமாகச் செலவாக எழுதிவிடுங்கள். அது எதற்குப் போனது என்று ஒருவரை ஒருவர் கேட்கக் கூடாது. மீதி எல்லாம் வீட்டுச் செலவு. அதில் பெரும்பகுதி வங்கி அறிக்கையிலேயே இருக்கும், அதைக் கேட்டு வாங்க வேண்டியதில்லை.

நுணுக்கம்:
இதில் பேரேடு ஐயாவோடு முழுமையாக ஒத்துப்போகிறேன். ஒன்றை மட்டும் சேர்க்கிறேன்: சம்பாதிப்பவருக்குப் பெரிய தொகை, வீட்டைப் பார்த்துக்கொள்பவருக்குச் சிறிய தொகை என்று வைத்துவிடாதீர்கள். இருவருக்கும் சமம். தலைப்புகளையும் இருவரும் சேர்ந்து உட்கார்ந்து வையுங்கள். ஒருவர் வைத்த தலைப்பு மற்றவருக்குக் கேள்வித்தாளாகத்தான் தெரியும்.

புதுக்குடித்தனம்:
சம தொகை என்பது எனக்குத் தோன்றவே இல்லை. இன்றிரவே பேசுகிறேன். இன்னொன்று: ஆண்டுக்கு ஒரு முறை வரும் காப்பீட்டுப் பிரீமியத்தை எந்த மாதத்தில் எழுதுவது? அந்த ஒரு மாதம் மட்டும் கணக்கு வானத்தைத் தொடுகிறது.

விரிதாள்:
பன்னிரண்டால் வகுத்து மாதாமாதம் தனிக் கணக்கில் போட்டு வையுங்கள். பிரீமியம், பள்ளிக் கட்டணம், வாகனப் பராமரிப்பு, ஆண்டுச் சந்தா எல்லாவற்றையும் கூட்டி ஒரே தொகையாக வகுத்தால் போதும். கட்டும்போது அந்தக் கணக்கிலிருந்து எடுத்துக் கட்டுங்கள், அந்த மாதச் செலவில் சேர்க்காதீர்கள். பேரேடு ஐயா 'ஆண்டுச் செலவு' என்று தனித் தலைப்பு வைத்தது இதனால்தான் என்று நினைக்கிறேன்.

மாதங்களை ஒப்பிடும்போதும் கவனம் வேண்டும். 31 நாள் மாதம் 28 நாள் மாதத்தைவிடப் பத்து சதவீதத்துக்கும் மேல் நீளமானது. ஒரு மாதத்தில் நான்கு சனிக்கிழமைகள் இருக்கும், இன்னொன்றில் ஐந்து. வார இறுதியில்தான் செலவு செய்கிற வீட்டில், யாரும் எதையும் கூடுதலாக வாங்காமலே தொகை ஏறும். பிப்ரவரியைப் பார்த்துவிட்டு மார்ச்சில் யாரையும் கடிந்துகொள்ளாதீர்கள்.

மிச்சம்:
அந்தத் தனிக் கணக்கை என் கழித்தலில் சேர்க்க வேண்டுமா?

விரிதாள்:
ஒதுக்கியதையே செலவாக எழுதினால் சேர்க்காதீர்கள், கட்டும்போது எழுதினால் சேர்த்துக்கொள்ளுங்கள். எதையாவது ஒன்றைத் தேர்ந்தெடுத்து ஆண்டு முழுவதும் மாற்றாமல் இருங்கள்.

பேரேடு:
நுணுக்கம் அம்மா, ஒரு சமரசம். தலைப்பு ஆறாகவே இருக்கட்டும். ஏதாவது ஒரு தலைப்பு தொடர்ந்து ஏறினால், அதை மட்டும் மூன்று மாதம் உடைத்து எழுதுவோம். காரணம் தெரிந்து திருத்திக்கொண்டதும் மறுபடி ஒன்றாக்கிவிடலாம். எல்லாவற்றையும் எப்போதும் உடைத்துக்கொண்டிருக்க வேண்டாம்.

நுணுக்கம்:
நான் முதலில் சொன்ன வீட்டில் மொத்தம் ஏறவே இல்லையே ஐயா. உள்ளேதான் இடம் மாறியது. உங்கள் சமரசம் அந்த வீட்டைக் கண்டுபிடிக்காது. ஏறினாலும் ஏறாவிட்டாலும் ஆண்டுக்கு ஒரு மாதம் எல்லாத் தலைப்பையும் உடைத்து எழுதுவது என்றால் ஒப்புக்கொள்கிறேன். அந்த மாதம் பில்லையும் உடைக்க வேண்டும். பெரும்பங்கு எதுவோ அதில் எழுதுவது என்ற சலுகை கிடையாது.

பேரேடு:
ஒரு மாதம் சரி. பண்டிகையோ பயணமோ இல்லாத சாதாரண மாதமாக இருக்கட்டும். பில்லை உடைப்பதுதான் இன்னும் எனக்கு உறுத்துகிறது. அந்த ஒரு மாதத்திலேயே சலித்துப்போய் ஏட்டை மூடிவிடுபவர்கள் இருப்பார்கள்.

நுணுக்கம்:
இருப்பார்கள். அவர்களுக்காக, பில்லில் பெரிய இரண்டு இனங்களை மட்டும் பிரித்து மீதியை அப்படியே விடலாம். அதற்குக் கீழே இறங்க மாட்டேன்.

புதுக்குடித்தனம்:
வாங்கிய பொருளைத் திருப்பிக் கொடுத்து வந்த பணத்தை வரவில் எழுதலாமா?

விரிதாள்:
வேண்டாம். எந்தத் தலைப்பில் செலவாக எழுதினீர்களோ அதே தலைப்பில் கழித்தல் குறியோடு எழுதுங்கள். வரவில் எழுதினால் வருமானமும் செலவும் இரண்டுமே கூடுதலாகத் தெரியும்.